கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தில் பெயரும் சான்றும்: கூனிமேடு கடற்கரைப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரி மாணவர்க்கு அரசு வழங்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தல் என்பது ஒரு படிவத்தை நிரப்பும் செயலாகவே பொதுவில் கருதப்படுகிறது. விழுப்புரம் மாவட்டம், மரக்காணம் வட்டத்தைச் சேர்ந்த கூனிமேடு பகுதியின் வாழ்நிலையை முன்வைத்து நோக்கும்போது, அவ்விண்ணப்பம் பள்ளிப் பதிவு, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு என்னும் ஐந்து ஆவணங்களும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டிய ஒரு தொடராக அமைந்திருப்பது புலனாகிறது. இத்தொடரில் எங்கெங்கே முறிவு ஏற்படுகிறது, அதற்குத் தமிழர் பெயரிடும் மரபும் கடற்கரைத் தொழில்களின் பருவமும் எவ்வாறு காரணமாகின்றன, கல்லூரி ஆசிரியர் அதில் ஆற்றக்கூடிய பங்கு யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கல்வி உதவித்தொகை, கூனிமேடு, உப்பளத் தொழிலாளர், வருமானச் சான்று, தமிழ்ப் பெயர், முதலெழுத்து, ஒலிபெயர்ப்பு.

முன்னுரை

இந்தியாவில் உயர்கல்விக்கு அரசு உதவித்தொகை வழங்கும் மரபு விடுதலைக்கு முன்னரே தொடங்கிவிட்டது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர், பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி 1942இல் ஒரு மனுவை அளித்தார். அதன் தொடர்ச்சியாகப் பட்டியல் சாதி மாணவர்க்கான பள்ளிமேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலைக்குப் பின் 1948இல் அது பழங்குடியினருக்கும் விரிந்தது. இன்று நடுவண் அரசும் தமிழ்நாடு அரசும் பல்வேறு துறைகளின் வழியாக இத்தகைய திட்டங்கள் பலவற்றை நடத்துகின்றன.

திட்டங்களின் எண்ணிக்கை பெருகியிருப்பினும், தகுதியுடைய மாணவர் அனைவரும் பயன்பெறுகின்றனர் எனக் கூற இயலாது. இதற்கு அறியாமையே காரணம் எனக் கூறி அமைவது வழக்கம். விழிப்புணர்வு முகாம்களும் அந்த அடிப்படையிலேயே நடத்தப்படுகின்றன. திட்டத்தை நன்கு அறிந்து, காலத்தில் விண்ணப்பித்த மாணவர்க்கும் தொகை வந்து சேராத நிலையை இக்காரணம் விளக்கவில்லை. அந்நிலையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது கள ஆய்வின் புள்ளிவிவரங்களைத் தொகுத்துரைக்கும் கட்டுரை அன்று. நடப்பிலுள்ள விதிகளையும் ஒரு நிலப்பகுதியின் வாழ்நிலையையும் அருகருகே வைத்துப் பார்க்கும் விளக்கமாகவே அமைகிறது.

கூனிமேடும் அதன் பருவங்களும்

கூனிமேடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே அமைந்த ஊர். கிழக்கே வங்கக் கடலும் மீனவர் குப்பங்களும், மேற்கே கழுவெளி நீர்நிலையைச் சார்ந்த நிலங்களும், வடக்கே மரக்காணம் உப்பளங்களும் உள்ளன. மீன்பிடித்தல், உப்பளக் கூலி, வேளாண் கூலி, சிறு வணிகம் ஆகியன இப்பகுதி மக்களின் தொழில்கள். மீனவர், வன்னியர், ஆதிதிராவிடர், இசுலாமியர், இருளர் எனப் பல பிரிவினர் இக்கடற்கரையில் வாழ்கின்றனர்.

உயர்கல்விக்கு இப்பகுதி மாணவர் செல்லும் திசைகள் இரண்டு. ஒன்று திண்டிவனம். அங்கு அரசு கலைக் கல்லூரியும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரியும் உள்ளன. மற்றொன்று புதுச்சேரி. கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால் காலாப்பட்டிலேயே புதுச்சேரி ஒன்றியப் பகுதி தொடங்கிவிடுகிறது. மாணவர்க்குப் பேருந்து வசதியால் அருகிலிருக்கும் கல்லூரி, நிருவாக வகையில் வேறொரு ஆட்சிப்பகுதியில் அமைந்துவிடுகிறது. பள்ளிமேற்படிப்பு உதவித்தொகையை மாணவர் பயிலும் மாநிலம் அன்றி, அவரது சொந்த மாநிலமே வழங்க வேண்டும் என்பது விதி. ஆகவே எல்லை தாண்டிப் பயிலும் மாணவர், தம் கல்லூரி அறிந்திராத வேறு மாநில நடைமுறையின் வழியே விண்ணப்பிக்க வேண்டியவர் ஆகிறார்.

இப்பகுதித் தொழில்களுக்குப் பருவம் உண்டு. உப்பு விளைச்சல் வெயிற்காலத்தைச் சார்ந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் பாத்திகள் நீரில் மூழ்க, உப்பளத்தில் வேலை இராது. இம்மழைக்காலத்திற்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு நடத்துவதே அவ்வேலையின்மைக்குச் சான்றாகும். கடலிலோ, விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடை உள்ளது. சிறு படகு வைத்திருப்போர்க்கு இத்தடை இல்லையெனினும், விசைப்படகுகளில் கூலிக்குச் செல்வோர் இந்நாள்களில் வருவாய் இழக்கின்றனர்.

இப்பருவங்களைக் கல்வியாண்டோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும். கல்லூரிச் சேர்க்கை மே, ஜூன், ஜூலை மாதங்களில் நிகழ்கிறது. அதன் முற்பகுதி மீன்பிடித் தடைக் காலம். முதற்பருவத் தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் மழைக்காலத்தில் செலுத்தப்படுகிறது. அது உப்பளத்தின் வேலையற்ற காலம். உதவித்தொகையோ பெரும்பாலும் கல்வியாண்டின் பிற்பகுதியில்தான் வந்து சேர்கிறது. எனவே உதவித்தொகை உரிய காலத்தில் வருவதும் வராததும், மாணவர் இரண்டாம் பருவத்திற்குக் கல்லூரிக்குத் திரும்புவாரா என்பதோடு நேரடித் தொடர்புடையன.

திட்டங்களும் அவை கேட்கும் சான்றுகளும்

உதவித்திட்டங்களைத் துறைவாரியாக வகைப்படுத்துவது வழக்கம். விண்ணப்பதாரரின் நோக்கில், எத்திட்டம் எச்சான்றைக் கேட்கிறது என வகைப்படுத்துவதே பயனுடையது. அவ்வாறு நோக்கின் மூன்று வகைகள் தெரிகின்றன.

முதல் வகை, பள்ளிப் பதிவை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை பயின்று உயர்கல்வியில் சேர்ந்த மாணவியர்க்கு மாதம் ரூ.1,000 வழங்குகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டமே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு இவ்வாறு அமைந்தது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கப்பட்டது. 2024-25 கல்வியாண்டு முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோர்க்கும் இவ்வுதவி விரிவுபடுத்தப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ்த் தனியார் பள்ளியில் 8ஆம் வகுப்பு வரை பயின்று, பின் 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியரும் புதுமைப் பெண் திட்டத்திற்குத் தகுதியுடையவர். இதற்கு வருமான வரம்பு இல்லை. பிற உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையும் அன்று.

இரண்டாம் வகை, சாதிச் சான்றும் வருமானச் சான்றும் ஒருங்கே வேண்டுபவை. பட்டியல் சாதியினர்க்கான பள்ளிமேற்படிப்பு உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 இலட்சத்திற்கு மிகாதிருத்தல் வேண்டும். 2020 டிசம்பரில் நடுவண் அமைச்சரவை இத்திட்டத்தைத் திருத்தி, செலவை நடுவண் அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்கும் என வரையறுத்தது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்னரே நடுவண் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கு நேரே வரும். கல்விக் கட்டணம் நீங்கலான படிப்புப்படி, கலை, அறிவியல் இளங்கலை மாணவர்க்கு வீட்டிலிருந்து வருவோராயின் ஆண்டுக்கு ரூ.3,000, விடுதியில் தங்குவோராயின் ரூ.6,000. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பர் 11ஆம் நாளிட்ட அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகியோரின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஈடுசெய்ய வழிசெய்தது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோரைப் பொறுத்தவரை ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் பயில்வோர்க்கான இலவசக் கல்வித் திட்டத்திற்கு வருமான நிபந்தனை இல்லை. முதுகலை, பல்தொழில்நுட்பம், தொழிற்படிப்பு ஆகியவற்றிற்கு ரூ.2.5 இலட்சம் என்னும் வரம்பு உண்டு. இவ்வேறுபாட்டை அறியாமல், தேவையற்ற இடத்தில் வருமானச் சான்றுக்காக நாள்கணக்கில் அலையும் மாணவர் உளர்.

மூன்றாம் வகை, தனிப்பட்ட வேறொரு தகுதியைச் சார்ந்தவை. குடும்பத்தில் முன்னர் எவரும் பட்டம் பெறாதிருந்தால், ஒற்றைச்சாளரக் கலந்தாய்வின் வழித் தொழிற்படிப்பில் சேர்வோர்க்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. நலவாரியங்களில் பதிவுபெற்ற மீனவர், அமைப்புசாராத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அவ்வாரியங்களின் கல்வி உதவி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் தம் தேர்வு வாரியத்தின் முதல் இருபது விழுக்காட்டினருள் இடம்பெற்று, குடும்ப வருமானம் ரூ.4.5 இலட்சத்திற்கு மிகாதிருப்போர், தேசிய உதவித்தொகை இணையவாயில் வழியே நடுவண் அரசின் ஆண்டுக்கு ரூ.12,000 பெறும் திட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம்.

இம்மூவகையும் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. முதல் வகையில் அரசு தன்னிடம் ஏற்கெனவே உள்ள பள்ளிப் பதிவைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. மாணவியின் கல்வி மேலாண்மைத் தகவல் எண் கொண்டே அவர் எப்பள்ளியில் பயின்றார் என்பது அறியப்படுகிறது. இரண்டாம், மூன்றாம் வகைகளில் மெய்ப்பிக்கும் பொறுப்பு மாணவரைச் சார்கிறது. மாணவர் சுமக்கும் சான்றுகளின் எண்ணிக்கை கூடக் கூட, அவை ஒன்றோடொன்று முரண்படும் வாய்ப்பும் கூடுகிறது.

சாதிச் சான்று: ஊர் வழக்கும் பட்டியல் வழக்கும்

மக்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயரும் அரசுப் பட்டியலில் உள்ள பெயரும் எப்போதும் ஒன்றாக இரா. மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'மீனவர்' என்னும் தலைப்பின்கீழ்ப் பர்வதராஜகுலம், பட்டணவர், செம்படவர் ஆகிய பெயர்கள் இடம்பெறுகின்றன. வன்னியர், பட்டியலில் வன்னியகுல சத்திரியர் எனக் குறிக்கப்படுகின்றனர். இசுலாமியருக்கு 2007இல் தனி ஒதுக்கீடு ஏற்பட்டபோது, லப்பை, தக்காணி முஸ்லிம், ஷேக், சையத் முதலான ஏழு பிரிவுகள் பட்டியலிடப்பட்டன. இராவுத்தரும் மரைக்காயரும் லப்பை என்பதனுள் அடங்குவர். பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'இசுலாம்' என மதம் மட்டும் குறிக்கப்பட்டிருப்பின், அது உதவித்தொகைக்குப் போதாது. பட்டியலிலுள்ள பிரிவின் பெயரோடு வருவாய்த்துறை வழங்கிய சான்று வேண்டும்.

இருளர் மாணவரின் நிலை மேலும் கடினமானது. பிற பிரிவினர்க்குச் சாதிச் சான்று வட்ட அளவிலேயே வழங்கப்படுகிறது. பழங்குடியினர் சான்றை வழங்கும் அதிகாரம் கோட்ட அளவிலான வருவாய் அலுவலரிடம் உள்ளது. போலிச் சான்றுகளைத் தடுக்கும் பொருட்டு, குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் பழங்குடிச் சான்றின் சரிபார்ப்பைக் கடுமையாக்கின. அந்நெறிமுறைகளின் நோக்கம் முறையானதே. எனினும் பெற்றோரிடம் பழைய சான்று எதுவும் இல்லாத குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளி முடித்த பிள்ளைக்கு, தான் இருளர் என மெய்ப்பிக்கும் வழி நீண்டதாகிறது. திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி அவர்களின் வழிகாட்டலில் இயங்கிவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், இச்சான்றைப் பெற்றுத் தருவதைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருப்பது இதன் இன்றியமையாமையைக் காட்டும்.

வருமானச் சான்று: இல்லாத ஆண்டு வருமானம்

வருமானச் சான்று 'ஆண்டு வருமானம்' என்னும் ஒரு தொகையைக் குறிக்கிறது. மாத ஊதியம் பெறுவோர்க்கு அத்தொகை ஊதியச் சான்றிலிருந்து கிடைக்கிறது. உப்பளத்தில் நாட்கூலி பெறுவோர்க்கோ, பிடிபட்ட மீனின் பங்கைப் பெறுவோர்க்கோ அத்தகைய எழுத்துச் சான்று இல்லை. மூன்று மாதம் வேலை இல்லாமலும், எஞ்சிய மாதங்களில் வேலைநாள்கள் மாறிமாறியும் அமையும் வருவாயை ஓர் எண்ணாகச் சுருக்கும் பணி கிராம நிருவாக அலுவலரின் மதிப்பீட்டைச் சார்ந்ததாகிறது. அவரது பரிந்துரை வருவாய் ஆய்வாளர் வழியே மண்டலத் துணை வட்டாட்சியரை அடைந்து சான்றாகிறது.

இம்முறையில் இரு சிக்கல்கள் எழுகின்றன. ஒரே குடும்பத்தின் இரு பிள்ளைகளுக்கு இரு வேறு காலங்களில் பெறும் சான்றுகளில் வெவ்வேறு தொகைகள் இடம்பெறலாம். வரம்பிற்கு உட்பட்டவையாயினும் அத்தகைய வேறுபாடு ஐயத்திற்கு இடமளிக்கும். அடுத்து, சான்று ஓராண்டுக் காலமே செல்லும். பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற சான்று, கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பம் திறக்கப்படும்போது காலாவதியாகியிருக்கக் கூடும். சேர்க்கைக் காலத்தில் வட்ட அலுவலகத்தில் விண்ணப்பங்கள் குவிவதையும் இதனோடு சேர்த்துக் கருதுதல் வேண்டும்.

இங்கு அமெரிக்க நாட்டின் நடைமுறை ஒப்பிடத்தக்கது. அங்குக் கல்லூரி மாணவர்க்கான கூட்டாட்சி அரசின் உதவி விண்ணப்பம் நெடிய வினாக்களைக் கொண்டதாக இருந்தது. 2024-25 கல்வியாண்டுக்கான படிவம் சுருக்கப்பட்டு, குடும்ப வருமான விவரங்கள் வருமான வரித்துறையின் பதிவிலிருந்து நேரே பெறப்படும் வகையில் மாற்றப்பட்டது. வழக்கமாக அக்டோபரில் திறக்கப்படும் அப்படிவம் 2023 டிசம்பர் இறுதியில்தான் திறக்கப்பட்டது என்பதும், தொடக்கத்தில் பல தொழில்நுட்பக் குறைகள் நேர்ந்தன என்பதும் உண்மையே. ஆயினும் அரசு தன்னிடமுள்ள பதிவைத் தானே எடுத்துக்கொள்ளும் கொள்கை கவனத்திற்குரியது. வரிக் கணக்கே இல்லாத கூலிக் குடும்பங்கள் மிகுந்த நம் சூழலில் அம்முறையை அப்படியே பின்பற்ற இயலாது. குடும்ப அட்டை, நலவாரியப் பதிவு, உப்பளத் தொழிலாளர் நிவாரணப் பட்டியல் ஆகியன அரசிடம் ஏற்கெனவே உள்ளன. அவற்றுள் ஒன்றில் இடம்பெற்ற குடும்பத்தின் மாணவரிடம் வருமானத்தை மீண்டும் மெய்ப்பிக்கக் கோருவதன் தேவை ஆராயத்தக்கது.

தமிழ்ப் பெயரும் ஆங்கில எழுத்துக்கூட்டும்

மேற்கூறிய சான்றுகள் யாவும் முறையாக இருந்தும் விண்ணப்பம் முறிவதற்குப் பெயர் வேறுபாடு ஒரு காரணமாகிறது. தமிழரிடையே குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக அமைகிறது. முதற்பெயர், இறுதிப்பெயர் எனப் பிரித்துக் கேட்கும் இணையப் படிவத்தில் இத்தலைப்பெழுத்தை எங்கே இடுவது என்பதில் ஒழுங்கு இல்லை. ஓர் ஆவணத்தில் அது பெயருக்கு முன்னும், மற்றொன்றில் பின்னும், வேறொன்றில் தந்தையின் முழுப்பெயராக விரிந்தும் காணப்படுகிறது.

தமிழ் எழுத்தின் இயல்பும் இதில் பங்கு வகிக்கிறது. வல்லின எழுத்துகள் சொல்லில் நிற்கும் இடத்திற்கும் சொல்லின் மூலத்திற்கும் ஏற்ப வெவ்வேறாக ஒலிக்கின்றன. கணேசனின் மகளுக்கும் கந்தனின் மகளுக்கும் தமிழில் தலைப்பெழுத்து 'க' என்பதே. ஆங்கிலத்தில் முன்னவருக்கு 'ஜி', பின்னவருக்கு 'கே'. தமிழ் ஆவணத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவர் இருவருக்கும் 'கே' என்றே இட்டுவிடக் கூடும். பாலுவின் மகனுக்கும் பழனியின் மகனுக்கும் 'ப' பொது. சண்முகத்தின் 'ச' ஆங்கிலத்தில் 'எஸ்' ஆக, சந்திரனின் 'ச' 'சி' ஆகிறது. நெடிலை ஓர் எழுத்தாலும் ஈரெழுத்தாலும் எழுதுவதும், ழகரத்தைப் பலவாறு எழுதுவதும் அறிந்தவையே. முகமது என்னும் பெயரோ தமிழிலேயே முகமது, முகம்மது, முஹம்மது என மூவகையாக எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில் அவ்வேறுபாடு இன்னும் பெருகுகிறது. ஊர்ப்பெயரும் விலக்கன்று. கூனிமேடு என்பதன் முதலெழுத்தை 'யூ' இட்டும் இரட்டை 'ஓ' இட்டும் எழுதும் வழக்கங்கள் உள்ளன. 2020 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிடப்பட்ட அரசாணை, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மாணவர் ஆவணங்களில் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்னும் ஆணையை 2021இல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. மொழி நோக்கில் வரவேற்கத்தக்க அவ்வாணை, உதவித்தொகை நோக்கிலும் பயன்படக்கூடும். தமிழில் ஒன்றாகவே இருக்கும் பெயர் ஆங்கிலத்தில் பலவாகச் சிதறும்போது, ஒப்புநோக்கும் கணினி ஆங்கில வடிவத்தையே கொள்கிறது. ஆதார் அட்டையில் பெயர் இரு மொழியிலும் உள்ளது. ஆங்கில வடிவங்கள் சிறிதளவு வேறுபட்டுத் தமிழ் வடிவமும் பிறந்த நாளும் ஒத்திருப்பின், அவ்விண்ணப்பத்தை நிராகரிக்காமல் நேரில் சரிபார்ப்பதற்கென ஒதுக்கலாம். தமிழ்க் கணினியியல் ஆய்வாளர்கள் ஒலிபெயர்ப்பு ஒப்புமை குறித்துச் செய்யும் பணி பயன்படத்தக்க களம் இது.

ஆதாரும் வங்கிக் கணக்கும்

பெயர் வேறுபாட்டை நீக்க முயலும் மாணவர் பெரும்பாலும் முதலில் நாடுவது ஆதார் திருத்தத்தை. இதில் எச்சரிக்கை தேவை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரு முறையும் பிறந்த நாளை ஒரு முறையும் மட்டுமே பொதுவாகத் திருத்த இயலும். எந்த ஆவணத்திற்கு ஏற்ப எதைத் திருத்துவது என முடிவு செய்யாமல் விரைந்து திருத்துவோர், பின்னர் உண்மையில் தேவைப்படும்போது வாய்ப்பை இழந்து நிற்பர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலுள்ள வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு ஏனையவற்றை அதற்கு ஏற்பத் திருத்துவதே தக்கது. பதினைந்து வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பைச் செய்யாதோர்க்கும் சரிபார்ப்பில் தடை நேரும்.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை, கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவதும் அக்கணக்கை உதவித்தொகை பெறுவதற்கென இணைப்பதும் வெவ்வேறு செயல்கள். இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பட்டியலில் ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு வங்கியே குறிக்கப்பட்டிருக்கும். கடைசியாக எவ்வங்கி இணைக்கப்பட்டதோ அங்கேயே தொகை செல்லும். விண்ணப்பத்தில் மாணவர் எழுதிய கணக்கு எண் வேறாக இருந்தாலும் இதுவே நிலை. பள்ளிப் பருவத்தில் தொடங்கிய கணக்கு ஓரிடத்திலும், பின்னர் கைப்பேசி வழியே தொடங்கிய கணக்கு வேறிடத்திலும் இருக்க, தொகை எங்கே சென்றது என அறியாமல் 'வரவில்லை' என முறையிடுவோர் பலர். ஈராண்டுகள் பரிமாற்றம் இல்லாத கணக்கு செயலற்றதாகக் கருதப்படும் என்னும் விதியும் தடையாக இருந்தது. 2024 ஜனவரி 1 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள், உதவித்தொகை பெறுவதற்கெனத் தொடங்கிய கணக்குகளைத் தனியே பிரித்து, அவை செயலற்றனவாகாமல் காக்குமாறு வங்கிகளைப் பணித்தன.

இக்கட்டுரையாளர் இளங்கலை பயின்ற காலத்தில் இத்தகைய ஒரு முறிவை நேரில் அறிந்தவர். வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பெயருக்கு முன் நின்ற தலைப்பெழுத்து, ஆதாரில் தந்தையின் முழுப்பெயராகப் பின்னே நின்றது. அவ்வாண்டு உதவித்தொகை வரவில்லை. அதற்கான காரணம் தெரியவந்தபோது, அடுத்த ஆண்டின் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டிய நாள் வந்துவிட்டது. தாயார் காதிலிருந்ததை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தப்பட்டது. எவ்வலுவலரும் விதியை மீறவில்லை. ஒவ்வொருவரும் தம் முன்னிருந்த ஆவணத்தைச் சரியாகவே பார்த்தனர். ஆவணங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் கடமை எவருக்கும் இல்லாதிருந்ததே குறை.

விண்ணப்பிக்கும் கால ஒழுங்கு

மேற்கண்டவற்றால் விண்ணப்பம் என்பது கல்லூரியில் சேர்ந்தபின் தொடங்கும் செயல் அன்று என்பது தெளிவாகிறது. பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் பருவத்திலேயே ஐந்து ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள், தந்தை பெயர் ஆகியவற்றின் வேறுபாடுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பொதுத்தேர்வு முடிவுகளுக்கு முன் பெறத்தக்கவை. வருமானச் சான்றை மட்டும் தேர்வு முடிவை ஒட்டிப் பெறுவது நன்று. அவ்வாறாயின் அதன் ஓராண்டுக் காலம் உதவித்தொகை விண்ணப்பக் காலத்தையும் உள்ளடக்கும். கல்லூரியில் சேர்ந்தவுடன் பல்கலைக்கழக மேலாண்மைத் தகவல் அமைப்பில் தம் பதிவு ஏற்பட்டுவிட்டதா என்பதையும், அது பள்ளிப் பதிவோடு இணைந்துள்ளதா என்பதையும் உறுதி செய்தல் வேண்டும். விண்ணப்பித்தபின் அதன் நிலையைக் கல்லூரி, துறை, வங்கி என ஒவ்வொரு படியிலும் கவனித்து, ஏதேனும் ஒரு படியில் திருப்பி அனுப்பப்பட்டால் குறித்த நாளுக்குள் திருத்த வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டதை அறியாமலே காலம் கடந்துவிடுவது நிராகரிப்பிற்கு ஒப்பானதாகிவிடுகிறது.

முடிவுரை

உதவித்தொகை விண்ணப்பம் முறிவது பெரும்பாலும் தகுதியின்மையால் அன்று. ஆவணங்களின் ஒவ்வாமையால் என்பது இக்கட்டுரையின் கருத்து. கூனிமேடு போன்ற கடற்கரைப் பகுதியில் பருவம் சார்ந்த வருவாயும், பட்டியலோடு பொருந்தாத ஊர் வழக்குப் பெயர்களும், ஆங்கிலத்தில் சிதறும் தமிழ்ப் பெயர்களும், அருகமைந்த மாநில எல்லையும் அவ்வொவ்வாமையை மிகுவிக்கின்றன. அரசு தன்னிடமுள்ள பதிவுகளைத் தானே பயன்படுத்தும் திட்டங்களில் மாணவரின் சுமை குறைவாக இருப்பதால், அம்முறையை ஏனைய திட்டங்களுக்கும் விரிப்பது பயன் தரும்.

அதுவரையில் இத்தொடரின் நடுவே நிற்பவர் கல்லூரி ஆசிரியர். உதவித்தொகைப் பொறுப்பு அலுவலராகப் பணியாற்றுபவரும் பெரும்பாலும் விரிவுரையாளர் ஒருவரே. சேர்க்கை நாளன்று மாணவரின் மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்க்கச் சில மணித்துளிகளே ஆகும். அன்று காணப்படும் வேறுபாட்டை ஜூலையிலேயே திருத்திவிடலாம். அதே வேறுபாடு பிப்ரவரியில் காணப்படின், உப்பளத்தில் வேலையற்று மூன்று மாதங்களைக் கழித்த குடும்பத்தின் பிள்ளை அப்போது வகுப்பில் இருப்பார் என்பதற்கு உறுதி இல்லை.